ஒன்றாவது ஓடியதா? பழைய எதிர்காலக் கார்கள் பற்றி

கேள்வி, 3 பிப்ரவரி 2024

"அண்ணா, ஐம்பது அறுபதுகளில் ஜெட் விமானம் மாதிரி கார் செய்து கண்காட்சியில் நிறுத்தினார்களே, அதெல்லாம் கல்யாண மண்டப வாசலில் வைக்கிற தெர்மாகோல் யானை மாதிரிதானே? ஒன்றாவது ரோட்டில் ஓடியதா? ஓடாத வண்டிக்கு ஏன் இத்தனை பேர் உருகுகிறீர்கள்?"

3 பிப்ரவரி, இரவு 11.20

தெர்மாகோல் யானையா. சரி, இன்று தூக்கம் போச்சு.

ஓடியது. ஒன்றல்ல, ஐம்பது. 1963-இல் கிரைஸ்லர் நிறுவனம் ஐம்பது டர்பைன் கார்களைச் செய்து அமெரிக்கா முழுக்கச் சாதாரண வீடுகளுக்குக் கொடுத்தது. பிஸ்டன் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. பானெட்டுக்குள் விமான என்ஜினின் தம்பி. விண்ணப்பம் போட்டவர்கள் 30,000 பேருக்கு மேல். கிடைத்தது 203 வீடுகளுக்கு. மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம், எரிபொருள் மட்டும் உங்கள் செலவு. அப்புறம் அடுத்தவருக்குப் போய்விடும். 1966 ஜனவரி வரை இப்படி 133 ஊர்களில் சுற்றி, மொத்தம் பத்து லட்சம் மைலுக்கு மேல் ஓடின. பால் வாங்கப் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். உங்கள் யானை எத்தனை மைல் போனது?

4 பிப்ரவரி, காலை

திருத்தம். ஐம்பது என்றது மக்களுக்குக் கொடுத்த வண்டிக் கணக்கு. அதற்கு முன் செய்து பார்த்த ஐந்தையும் சேர்த்தால் 55. இரவு பதினொன்றரைக்குக் கோபத்தில் எழுதினால் இப்படித்தான்.

என்ஜின் எப்படி வேலை செய்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் சுவிட்ச் போடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுற்றும். இரண்டுக்கும் நடுவே கம்பியோ பல்சக்கரமோ எதுவும் இல்லை. கிரைஸ்லர் டர்பைனில் நடந்தது ஏறக்குறைய இதுதான். முதல் சக்கரம் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரைச் சுழற்றும். எரிந்த வாயு அதைத் தாண்டி வந்து, தனியாக நிற்கும் இரண்டாவது சக்கரத்தைச் சுழற்றும். அதுதான் பின் டயருக்குப் போகிறது. ஆகவே பிரேக்கை மிதித்து நிறுத்தினாலும் என்ஜின் அணையாது. இரண்டாவது ஃபேனைக் கையால் பிடித்தால் முதல் ஃபேன் நிற்குமா? அதே கதை. தானியங்கி கியரில் வழக்கமாக இருக்கும் டார்க் கன்வர்ட்டரையே (என்ஜினையும் கியரையும் எண்ணெய் வழியே இணைக்கும் பாகம்) தூக்கிவிட்டார்கள், தேவைப்படவில்லை.

ஸ்பார்க் பிளக் ஒன்றே ஒன்று. சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றை ஒட்டிச் சுற்றும், முழு மிதியில் 44,000-ஐத் தாண்டும். வெளியே போகிற சூட்டை வீணாக்காமல் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்க இரண்டு பக்கமும் மெதுவாகச் சுழலும் வட்டுகள் இருந்தன. அதனால்தான் பின்னால் நிற்பவர் வேகவில்லை.

4 பிப்ரவரி, மாலை

"மைலேஜ் எவ்வளவு?"

எவராவது கேட்பீர்கள் என்று தெரியும். மாலைக்குள் கேட்டுவிட்டீர்கள். நாம் நாம்தான்.

மைலேஜ் சுமார்தான். சிக்னலில் நின்றாலும் இருபதாயிரம் சுற்று என்றால் எண்ணெய் எங்கே மிஞ்சும்? ஓட்டியவர்கள் சொன்ன குறைகளில் அதுவும் ஒன்று. இன்னொன்று, மிதித்ததும் கிளம்பாது; ஒரு விநாடி, ஒன்றரை விநாடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். மலைமேல் இருக்கும் ஊர்களில் ஸ்டார்ட் ஆவதில் தகராறு செய்தது. சிலருக்குச் சத்தம் பிடிக்கவில்லை, வேக்குவம் கிளீனர் மாதிரி இருக்கிறது என்றார்கள். நம் பஸ்களில் டர்போ விசில் கேட்கும் இல்லையா, அதைக் காது நிறைய விடாமல் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எதை ஊற்றினாலும் ஓடும். டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள். ஊற்றக் கூடாதது அந்தக் காலத்து ஈயம் கலந்த பெட்ரோல் மட்டும், உள்ளே ஈயம் படியும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் அப்போது எந்த பங்க்கில் நின்றாலும் முதலில் கிடைப்பது அதுதான். மெக்சிகோ அதிபர் அடோல்ஃபோ லோபெஸ் மத்தேயோஸ் டெக்கிலா ஊற்றி ஓட்டிப் பார்த்தார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

9 பிப்ரவரி

உருகுவது ஏன் என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

சித்தப்பா கோவையில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளி லீவு முழுக்க எனக்கு அங்கேதான். இடிபட்ட அம்பாசடர் மட்கார்டைக் கழற்றி, உள்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டியை அண்டக் கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டுவார். ஓங்கி அடிக்க மாட்டார். கதவைத் தட்டி "யாருங்க?" என்று கேட்பது மாதிரி, நூறு தட்டு. நடுநடுவே கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும் என்பார். எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

2012-இல் வேலைக்காக மிச்சிகனில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். ரயில் என்ஜின், கென்னடி சுடப்பட்டபோது போன லிங்கன் என்று பார்த்துக்கொண்டே போனால், டர்பைன் கார் நிற்கிறது. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் வருமே, அந்த நிறம். அதற்கு டர்பைன் பிரான்ஸ் என்றே பெயர். பின்னால் விளக்குகள் ராக்கெட்டின் வாய் மாதிரி. உள்ளே இருக்கைகளுக்கு நடுவே முன்னிருந்து பின்வரை ஒரு குழாய் மாதிரி மேடை. டேஷ்போர்டில் சுற்று காட்டும் மீட்டரோடு, என்ஜினுக்குள் எவ்வளவு சூடு என்று காட்ட ஒரு மீட்டர்.

நான் பார்த்துக்கொண்டே நின்றது இது எதையுமல்ல. முன் மட்கார்டு, விளக்கு வளையத்திலிருந்து கதவுவரை போகும் அந்த வளைவு. மேலே ட்யூப்லைட் வெளிச்சம் அதில் ஒரே கோடாக, நெளியாமல் ஓடியது. பலகையில் "உடல்: கியா, டூரின்" என்று பார்த்ததும்தான் உறைத்தது. கொரியாக்காரர்களின் கியா அல்ல, Ghia என்று எழுதும் இத்தாலியப் பட்டறை. என்ஜின் டெட்ராய்ட், தகரம் இத்தாலி. அங்கே கையால் வேலை செய்து, கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். 21-ஆம் நூற்றாண்டு இப்படித்தான் இருக்கும் என்று ஊருக்கே காட்டிய கார், சித்தப்பா மாதிரி ஆட்கள் செய்தது.

தடுப்புக் கயிறு இருந்தது. இல்லாவிட்டால் தடவிப் பார்த்திருப்பேன்.

10 பிப்ரவரி

நேற்று எழுதியது கொஞ்சம் உணர்ச்சிவசம். வடிவமைத்தவர் எல்வுட் எங்கெல், ஃபோர்டிலிருந்து கிரைஸ்லருக்கு வந்தவர். காகிதத்தில் கோடு போட்டவரை விட்டுவிட்டுச் சுத்தியல் பிடித்தவரை மட்டும் கொண்டாடுவது நியாயமில்லை. ஆனால் கோடு போட்டவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தட்டியவர் பெயர் எங்கேயாவது பார்த்தீர்களா?

17 பிப்ரவரி

கியாவைப் பற்றி இன்னும் எழுதச் சொன்னார் ஈரோட்டு நண்பர். அமெரிக்கக் கம்பெனிகள் அங்கே போனதற்குக் காரணம் கலை மட்டுமல்ல, கூலியும்தான். போருக்குப் பின் இத்தாலியில் கைவேலைக்காரர்கள் நிறைய, சம்பளம் குறைவு. எங்கெலுக்கு முன் வடிவமைப்பைப் பார்த்த வர்ஜில் எக்ஸ்னர் கிரைஸ்லருக்காக அடுத்தடுத்து வண்டிகளை அங்கே கொடுத்துச் செய்துவாங்கினார். அதில் ஒன்றுதான் நார்ஸ்மன்.

நார்ஸ்மனை எந்தக் கண்காட்சியிலும் ஒருவரும் பார்க்கவில்லை. கூரை பின்பக்கத்தில் மட்டுமே உடலோடு ஒட்டியிருக்கும். முன் கண்ணாடிக்கு இரு பக்கமும் தூண் கிடையாது. கூரை பின்னாலிருந்து நீட்டிய கை மாதிரி வந்து நிற்கும். செய்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 1956 ஜூலையில் ஆண்ட்ரியா டோரியா என்ற கப்பலில் நியூயார்க்குக்கு ஏற்றினார்கள். 25-ஆம் தேதி இரவு, நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே பனிமூட்டத்தில் ஸ்டாக்ஹோம் என்ற கப்பல் வந்து மோதியது. மறுநாள் காலை டோரியா மூழ்கியது. இரண்டு கப்பலிலும் சேர்த்து 51 பேர் இறந்த விபத்து. அதில் போய் ஒரு காரைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும், அத்தனை மாதம் தட்டியவர்களுக்குச் செய்தி எப்படிப் போயிருக்கும் என்று யோசிப்பேன். அடுத்த வண்டியை எடுத்து வைத்திருப்பார்கள்.

18 பிப்ரவரி

"பேட்மேன் காரும் கான்செப்ட் கார்தானே?"

ஆமாம். அதுவும் கியாவின் கைதான்! ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன் ஃபியூச்சுரா, 1955. செய்ய ஆன செலவு 2,50,000 டாலர். தலைக்கு மேல் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், பின்னால் சுறா மாதிரி துடுப்புகள், மீன் செதிலை அரைத்துக் கலந்த முத்து வெள்ளை நிறம். இதுவும் நிஜமாக ஓடிய வண்டி, நியூயார்க் தெருவில் ஓட்டிக் காட்டினார்கள். கண்காட்சிக் காலம் முடிந்ததும் சிவப்புப் பூசி ஒரு சினிமாவில் நடித்தது. அப்புறம் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸின் பட்டறையில் சும்மா கிடந்தது. அவர் ஃபோர்டுக்குக் கொடுத்த விலை ஒரு டாலர்.

1966 தொலைக்காட்சித் தொடருக்கு மூன்று வாரத்தில் வண்டி வேண்டும் என்றார்கள். புதிதாகச் செய்ய நேரமில்லை. கிடந்ததை எடுத்து, மூக்கை வளைத்து, கறுப்படித்து அனுப்பினார். 2013 ஜனவரி ஏலத்தில் 42 லட்சம் டாலருக்குக் கேட்டார்கள், கமிஷன் தனி. ஒரு ரூபாய்க்கு வாங்கி என்று நாம் கதை விடுவோமே, இது அந்த ரகம், ஆனால் நிஜம்.

18 பிப்ரவரி, இரவு

சிவப்புப் பூசியதற்கு இன்னும் மனம் ஆறவில்லை. மீன் செதில் வெள்ளையின்மேல்.

25 பிப்ரவரி

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: "ஃபோர்டு நியூக்ளியான் அணுசக்தியில் ஓடியதே, அதை ஏன் விட்டீர்கள்?"

ஓடவில்லை ஐயா. 1958-இல் காட்டியது எட்டில் மூன்று பங்கு அளவில் ஒரு மாதிரி மட்டும். பின்னால் சின்ன அணு உலையை வைத்து, ஐயாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்பது யோசனை. உலை வரவே இல்லை. கேள்வி கேட்டவருக்கு இதில் ஒரு மார்க் கொடுத்துவிடுகிறேன். இது தெர்மாகோல் யானைதான்.

படத்தைப் பாருங்கள், ஓட்டுபவரை எவ்வளவு முன்னால் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள். முன் டயருக்கும் முன்னால்! உலைக்குத் தூரமாக. வரைந்தவருக்கே பயம் இருந்திருக்கிறது.

2 மார்ச்

என் சொந்த எதிர்காலக் கார் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரி நண்பன் வந்து சொல்லிவிடுவான்.

மூன்றாம் வருடம். பழைய மாருதி 800 சேஸிஸ் மேல் ஃபைபர் உடல் போடுவதாக நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். ஜெனரல் மோட்டார்ஸின் முதல் ஃபயர்பேர்டு, 1953-இல் ஃபைபர்கிளாஸ் உடலோடு வந்த ஒற்றை இருக்கை டர்பைன் வண்டி, அதன் படம் ஒன்றை நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பத்திரிகையில் கண்டதுதான் வினை. மூக்கை மட்டும் முதலில் செய்வோம் என்று களிமண்ணில் அச்சுப் பிடித்து, மெழுகு தடவி, ரெசின் கலந்தோம். ஹார்டனர் எவ்வளவு என்று எழுதியிருந்த தாளை யாரோ டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருந்தார்கள். "சீக்கிரம் காயட்டும்டா" என்று நான்தான் கூடுதலாக ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் மக் கையில் சுட்டது, மூன்றாவது நிமிடம் புகை. கீழே போட்டதில் ஹாஸ்டல் வராண்டாவில் மக்கும் ரெசினும் ஒன்றாகிக் கல்லாய் நின்றது. நாங்கள் படித்து முடித்து வரும்வரை அது அங்கேயே இருந்தது. புதுப் பையன்கள் அதில் சைக்கிள் ஸ்டாண்டைச் சாய்த்து நிறுத்துவார்கள்.

மூக்கு வரவில்லை. எங்கள் கார் அதோடு சரி.

ஃபயர்பேர்டு வந்தது. 370 குதிரைத்திறன், பின்னால் வெளியேறும் வாயு 677 டிகிரி செல்சியஸ். கிரைஸ்லர் மாதிரி சூட்டைப் பிடிக்கும் வட்டுகள் இதில் இல்லை. சிக்னலில் பின்னால் டூவீலரில் நிற்பவர் கதியை நினைத்துப் பாருங்கள். ரோட்டுக்கு விடவில்லை, ஆனால் இண்டியனாபொலிஸ் பந்தயத்தில் ஜெயித்த மௌரி ரோஸ் ஓட்டிச் சோதித்தார். டேடோனா 500 பந்தயத்தில் ஜெயிப்பவருக்குக் கொடுக்கும் ஹார்லி ஏர்ல் கோப்பையைப் பாருங்கள். உச்சியில் இருக்கும் குட்டி விமானம் மாதிரியான பொருள் இந்த வண்டிதான்.

3 மார்ச்

ஃபயர்பேர்டு இரண்டையும் மூன்றையும் விட்டுவிட்டேன் என்று திட்டு. சுருக்கமாக: இரண்டாவது (1956) டைட்டானிய உடல், நான்கு பேர் உட்காரலாம். ரோட்டுக்குள் கம்பி புதைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு தானே ஓடும் என்று சொல்லி, 1976-இல் ஒரு குடும்பம் அப்படிப் போவதாகப் படமும் எடுத்துக் காட்டினார்கள். மூன்றாவது (1958) ஏழு இறக்கை. ஸ்டியரிங்கும் கிடையாது, பெடலும் கிடையாது. இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு குச்சி. முன்னே தள்ளினால் போகும், பின்னே இழுத்தால் நிற்கும், சாய்த்தால் திரும்பும். ஏ.சி., விளக்கு இவற்றுக்காகவே தனியாக ஒரு குட்டி பெட்ரோல் என்ஜின் வேறு.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கைக்கும் அந்தக் குச்சி எட்டும். என் வீட்டில் அந்தக் கார் இருந்தால் யார் ஓட்டியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றுமே இன்றும் ஜெனரல் மோட்டார்ஸிடம் பத்திரமாக இருக்கின்றன.

10 மார்ச்

அமெரிக்கா போதும், டூரினுக்கே திரும்பிப் போவோம். எனக்கு ஒரே ஒரு வண்டியை ஓட்டக் கொடுப்பார்கள் என்றால் டர்பைன் கார் கேட்பேன். ஒரே ஒரு வண்டியைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்றால் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஜீரோ.

1970, பெர்டோனே நிறுவனம், வரைந்தவர் மார்செல்லோ காந்தீனி. உயரம் 84 சென்டிமீட்டர். வீட்டு டைனிங் டேபிள் அளவு. கதவு கிடையாது. முன் கண்ணாடியைத் தூக்கி, மூக்கின்மேல் ஒட்டிய ரப்பர் பாயில் கால் வைத்து ஏறி உள்ளே படுக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டு முன்னே மடங்கி வழிவிடும். பின்னால் ஃபுல்வியா காரின் 1.6 லிட்டர் என்ஜின். ஆப்பு மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு அரிவாள்மனையைக் கவிழ்த்து வைத்த மாதிரி.

கண்காட்சி முடிந்ததும் லான்சியாகாரர்கள் பார்க்கக் கூப்பிட்டார்கள். நூச்சியோ பெர்டோனே இதை லாரியில் ஏற்றவில்லை. டூரின் தெருவில் தானே ஓட்டிக்கொண்டு போனார். லான்சியா வாசலில் குறுக்குக் கட்டை இறங்கியிருந்தது. அவர் நிறுத்தவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை. கட்டைக்கு அடியில் அப்படியே நுழைந்து உள்ளே போய்விட்டார். அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பேச்சுவார்த்தையே அங்கே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதிலிருந்து வந்த ஸ்ட்ராட்டோஸ், ஃபெராரி என்ஜினோடு 1974, 75, 76 மூன்று வருடமும் உலக ராலி சாம்பியன்.

11 மார்ச்

அதே 1970-இல் பினின்ஃபரீனா என்ற இன்னொரு இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் காட்டிய ஃபெராரி மொடுலோவைச் சொல்லாமல் விட முடியாது. பாவ்லோ மார்ட்டின் முதலில் அதை வெள்ளை நுரைக்கட்டியில் செதுக்கினார். ஆமாம், தெர்மாகோலின் சொந்தக்காரன்தான்! சிரித்துவிட்டு மேலே படியுங்கள். உயரம் 93.5 சென்டிமீட்டர், கூரையும் கண்ணாடியும் ஒன்றாக முன்னால் நகரும், நான்கு சக்கரமும் பாதி மூடியிருக்கும். அடியில் பந்தயக் காரின் சேஸிஸ், ஆனால் என்ஜினுக்குள் ஒன்றும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் அது பொம்மைதான். 2014-இல் ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் வாங்கி, பாடுபட்டு ஓட வைத்தார். 2019-இல் மொனாக்கோவில் ஓட்டும்போது பின்னால் தீப்பிடித்துக் கொஞ்சம் கருகியது.

ஓடாமல் இருந்தால் தீப்பிடித்திருக்காது. ஓடியதா என்று கேட்டீர்களே, அதற்கு இப்படியும் ஒரு பதில்.

19 மார்ச்

டர்பைன் கார்கள் என்ன ஆயின என்று நானே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். கேட்டுவிட்டீர்கள்.

55-இல் 46 வண்டியை அழித்தார்கள். எரித்து, நசுக்கினார்கள். மிஞ்சியது ஒன்பது. அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தவற்றிலும் பெரும்பாலும் என்ஜினின் முக்கியப் பாகங்களைக் கழற்றிவிட்டே கொடுத்தார்கள். ஒன்று அமெரிக்க டிவி நகைச்சுவையாளர் ஜே லெனோவிடம் இருக்கிறது, ஓட்டுகிறார். செயின்ட் லூயிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருப்பதும் ஓடும்.

ஏன் அழித்தார்கள்? இத்தாலியிலிருந்து வந்த உடலுக்கு இறக்குமதி வரி கட்ட மனமில்லாமல் என்று ஒரு கதை வெகுநாளாக உலவுகிறது. நானும் பல வருடம் அதையே எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சோதனை முடிந்த வண்டியை வெளியே விட எந்தக் கம்பெனியும் விரும்பாது. விற்றால் பத்து வருடத்துக்கு உதிரிப் பாகம் யார் கொடுப்பது? தெருவில் அது நின்று போனால் கிரைஸ்லர் பெயர்தான் கெடும். வரி ஒரு காரணம் என்றாலும், அது இல்லாவிட்டாலும் நசுக்கியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நசுக்கும் படங்கள் கிடைக்கின்றன. ஒருமுறை பார்த்தேன். மட்கார்டு முதலில் மடிகிறது. மூடிவிட்டேன்.

20 மார்ச்

நேற்றைய சோகத்துக்கு மாற்று. ஐம்பதுகளில் மோட்டோரமா என்று ஊர் ஊராகக் கண்காட்சி போட்ட ஜெனரல் மோட்டார்ஸும் பல வண்டிகளை அழிக்கச் சொல்லி டெட்ராய்ட் அருகே வார்ஹூப்ஸ் என்ற காயலான் கடைக்கு அனுப்பியது. கடைக்காரருக்கு மனம் வரவில்லை. நான்கு வண்டியை வெட்டியும் வெட்டாமலும் ஓரமாகப் போட்டு வைத்தார். முப்பது வருடம் மழையிலும் பனியிலும் கிடந்தன. எண்பதுகளின் கடைசியில் ஜோ போர்ட்ஸ் என்ற சேகரிப்பாளர் தேடிப் போய் நான்கையும் வாங்கினார். அதில் 1955 செவர்லே பிஸ்கேன் துண்டு துண்டாக இருந்தது. ஃபைபர் உடலை ஜிக்சா மாதிரி சேர்த்து ஒட்டி, சேஸிஸ் புதிதாகச் செய்து, இன்று முழு வண்டியாக நிற்கிறது.

மேலதிகாரி சொன்னதைக் கேட்காத காயலான் கடைக்காரர்களுக்கு ஒரு கோப்பை வைக்கலாம்.

6 ஏப்ரல்

ஆஸ்டன் மார்ட்டின் புல்டாக் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எழுதுகிறேன்.

வில்லியம் டவுன்ஸ் வரைந்தது, செய்தது ஒன்றே ஒன்று. மூக்கின் நடுவே மூடி இறங்கினால் வரிசையாக ஐந்து விளக்கு. மணிக்கு 200 மைல் போகவேண்டும் என்பது குறி. 1979-இல் சோதனைத் தளத்தில் 191 வரை வந்தது. அதோடு சரி. பதினைந்து இருபது செய்து விற்கும் திட்டமும், நிர்வாகம் மாறியதும் செலவு தாங்காது என்று நின்றது. வண்டி கை மாறிப் போனது.

நாற்பது வருடம் கழித்து அதைப் பிரித்துப் போட்டு, ஏறக்குறைய ஏழாயிரம் மணி நேரம் வேலை பார்த்து மீட்டார்கள். 2023 ஜூனில் ஸ்காட்லாந்தில் பழைய விமான ஓடுபாதையில் பந்தய ஓட்டுநர் டேரன் டர்னர் ஓட்டினார். 205 மைல். கிலோமீட்டரில் 330.

அந்த ஒன்பது மைல் பாக்கி யாருக்கும் வேண்டியதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் எனக்கு அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தது, அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

13 ஏப்ரல்

சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். பட்டறை மூடிப் பல வருடமாகிறது, கையில் நடுக்கம். 2012-இல் எடுத்த படத்தை போனில் காட்டினேன். எப்போதோ காட்ட நினைத்தது. விமான என்ஜின், நாற்பதாயிரம் சுற்று, டெக்கிலா என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் அதில் எதையும் காதில் வாங்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மட்கார்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எத்தன கிலோ பட்டி போட்டிருப்பானுகடா கண்ணு?"

தெரியாது என்றேன்.

"போட்டிருக்க மாட்டானுக," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "வெளிச்சம் நேரா ஓடுது பாரு."

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும். ஒரு திருத்தத்தோடு.

ஸ்ட்ராட்டோஸ் ஜீரோ டைனிங் டேபிள் உயரம் என்று எழுதியதை ஒருவர் ஒரு மாதமாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்று டேப் வைத்து அளந்தேன். எங்கள் டேபிள் 76 சென்டிமீட்டர். கார் 84. எட்டு சென்டிமீட்டர் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

அளந்த கையோடு, அந்த உயரத்தில் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று கீழே புகுந்து படுத்துப் பார்த்தேன். கால் நீட்டலாம். தலை இடிக்காது. நாற்காலிக் காலைத் தவிர எதுவும் தெரியாது. வடை தட்டை வைக்க வந்த மனைவி குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.